பரங்கிமலைத் துப்பாக்கிக்குள் இருந்தது

என் பெரியப்பாவிடம் ஏழு துப்பாக்கிகள் இருந்தன. ஏழும் சேர்ந்து அவர் கையில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. சுடவேண்டும் என்று அவர் அவற்றை வாங்கவும் இல்லை. இரும்பும் மரமும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருப்பதை வேறு எந்தப் பொருளிலும் பார்க்க முடியாது என்பார். அதைச் சொல்லும்போது பெரியம்மா பக்கத்தில் இருந்தால், "கதவுல கூடத்தான் பொருந்திகீது, அத்த ஒரு நாளு தொடச்சி வெய்யேன்" என்பார்.

அந்தத் துப்பாக்கிகள் எங்கள் வீட்டை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அறுபது ஆகிவிட்டது. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இனி எழுதத்தான் முடியும்.

மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். குழந்தைகள் மட்டும் ஆறு பேர். அப்போது எண்பதுகள் தொடங்கியிருந்தன. எங்கள் பக்கத்து ஊர்களில் வேர்க்கடலைக் கொல்லைகள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பெல்லாம் வண்டலூர்க் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கிவந்து கடலையைத் தோண்டித் தின்னும். அவற்றை விரட்ட ஊருக்கு இரண்டு வீட்டிலாவது உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கொல்லையில் மனைக்கல் நட்டதும் பன்றிகள் வருவதை நிறுத்திவிட்டன. மனைக்கல்லைத் தின்ன எந்தப் பன்றி வரும்? துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பரண்களை விசாரித்தார்.

அப்படி வந்தவற்றுக்கு அவர் வந்த ஊரின் பெயரையே வைத்தார். வேங்கைவாசல், அகரம்தென், ஒட்டியம்பாக்கம் என்று, வீட்டுக்கு வாழவந்த பெண்களைப் பிறந்த ஊர் சொல்லி அழைப்பதுபோல அழைப்பார். "வேங்கைவாசலுக்கு எண்ணெ போடணும்" என்பார். "ஒட்டியம்பாக்கத்துக்கு ஸ்பிரிங்கு தளந்து போச்சி, வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தையில தேடணும்" என்பார். தையல் மிஷின் எண்ணெயும் பழைய வேட்டித் துண்டும் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும். பெரியம்மாவுக்கு இது ஒரு நிரந்தர வேடிக்கை.

"ஏழு மருமகளுங்க வந்து சேந்தாளுங்க. ஒருத்தியாவது ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுக்குறாளா பாரேன்!"

ஏழில் மூத்தவள் பரங்கிமலை. அங்கிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, சாமான்களோடு சாமானாக விற்றுவிட்டுப் போனது. மற்றவை நாட்டுக் கொல்லர்கள் செய்தவை, அல்லது ஐம்பது அறுபது வருடத்து வேட்டைத் துப்பாக்கிகள். பரங்கிமலை மட்டும் கம்பெனிப் படைக்காரன் தோளில் சுமந்தது. என் உயரத்துக்கு இருக்கும். தோட்டா போடுகிற ஏற்பாடே கிடையாது. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் உள்ளே தள்ளி இறுக்கவேண்டும். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு, குதிரை எனப்படும் ஒரு இரும்புக் கொக்கி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். நாங்கள் ஆறு பேரும் படுத்துத் தூங்கும் கூடத்தின் சுவரில் ஏழும் படுக்கைவாக்கில் மாட்டியிருக்கும். பரங்கிமலை எல்லாவற்றுக்கும் கீழே, அதன் எடைக்குத் தனியாக அடித்த மூன்று ஆணிகளின் மேல் இருந்தது.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. எப்போதோ யாரோ மருந்து கெட்டித்துவிட்டுச் சுடாமலே வைத்திருப்பார்கள். வைத்தவர் செத்துப்போய் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். மருந்து மட்டும் உள்ளே உயிரோடு இருக்கும். அதனால் பெரியப்பா ஒரு துப்பாக்கி வாங்கியதும் முதல் வேலையாகக் கம்பியை வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பார். கம்பி அடிவரை போனால் குழல் காலி. நடுவில் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிக் கம்பி உண்டு. அடிவரை போன கம்பியில், குழலின் வாய்க்குச் சரியாக ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுவார். அதன் பிறகு எப்போது கம்பியை விட்டாலும் நூல் வாயைத் தொடவேண்டும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் வைப்பதற்கு முன் ஏழுக்கும் இந்தச் சோதனை நடக்கும். வீட்டில் அந்தத் துப்பாக்கிகளைத் தொட வேறு யாருக்கும் அனுமதி இல்லை. நாங்களும் தொட்டதில்லை. அந்த வருடம் வரை.

என் அப்பா கணக்கு வாத்தியார். நான் படித்தது வேறு பள்ளிக்கூடம் என்றாலும், கணக்கு வாத்தியார் பிள்ளை என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் முழுப்பரீட்சைக்கு முந்தைய தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது வாங்கினேன். ஆசிரியர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் இரண்டு தடவை அடிக்கோடிட்டு, அது போதாதென்று வட்டமும் போட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து வேண்டும்.

இன்னும் ரேங்க் கார்டு கொடுக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன். அதுவரை சுலபம். கார்டை எங்கே வைப்பது? ஆறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒளிக்க இடமே கிடையாது. என் பெட்டியை அக்கா திறப்பாள். அரிசிப் பானையைப் பெரியம்மா திறப்பார். புத்தகப் பையை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். யாருமே தொடாத பொருள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

பெரியப்பா வெளியே போயிருந்த ஒரு பிற்பகலில், முக்காலி போட்டு ஏறி, கார்டை விரல் பருமனுக்குச் சுருட்டிப் பரங்கிமலையின் வாய்க்குள் நுழைத்தேன். பாதி வெளியே தெரிந்தது. குழலுக்கு அடியில் செருகியிருந்த கம்பியை உருவி மெதுவாகத் தள்ளினேன். கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எவ்வளவு தூரம் போயிற்று என்று பார்க்கக் குழல் வாயில் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. துருவும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. மறுநாள் குடைக்கம்பியை வளைத்து இழுத்துப் பார்த்தபோதுதான், அந்த ஏற்பாடு முழுவதும் உள்ளே தள்ளுவதற்காக மட்டுமே செய்யப்பட்டது என்பது புரிந்தது. நான் இழுக்க இழுக்க அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளிக்கூடத்தில் கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு பிரம்படி வாங்கினேன். வேறு கார்டு எழுதித் தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரத்துக்கு உலகம் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த வாரத்தில்தான் தேர்தல் அறிவிப்பு வந்தது.

தேர்தல் என்றால் உரிமம் வைத்திருக்கிறவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை. பெரியப்பாவுக்கு அது ஒரு விழா. ஏழையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பெரியம்மாவின் பழைய புடவைகளில் சுற்றி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினார்.

நான் கடைசி முயற்சியாக, "பரங்கிமலை எதுக்குப் பெரியப்பா? அது சுடவே சுடாதே. அதை விட்டுட்டுப் போலாமே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஏன்டா, வயசானவன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவியா? நாளைக்கு என்னையும் வுட்டுட்டுப் போவே போல கீதே!"

என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அப்பா சைக்கிளில் கூடவே வந்தார். டீக்கடை முனையில் நின்றிருந்தவர்கள் புடவை சுற்றிய ஏழு உருவங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்கள்.

"இன்னா பெரியவரே, பொண்ணுங்கள மாமியார் வூட்டுக்கு அனுப்பிகினு கீறியா?"

"ஆமாண்டா. ஓட்டு எண்ணி முடிச்சா மறு அழைப்பு!" என்றார் பெரியப்பா. அன்று அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்தார்.

காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் புதியவர், இளைஞர். குழல் காலி என்று காட்டினால்தான் உள்ளே எடுத்துக்கொள்வேன் என்றார். பெரியப்பா இதற்காகவே பிறந்தவர்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதலில் வேங்கைவாசல். புடவையைப் பிரித்து, கம்பியை விட்டார். சிவப்பு நூல் வந்து வாயைத் தொட்டது. நூலின் கதையைச் சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பதிவேடு எழுதும் ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏட்டு கதவருகே வந்து நின்றார். லாக்கப்பில் பித்தளைக் குழாய் திருடியதற்காகப் பிடித்து வைத்திருந்த ஒருவன்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இந்த மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். டீ வந்தது. பெரியப்பா டீயைத் தொடவில்லை. அகரம்தென், ஒட்டியம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நூல் வாயைத் தொட்டது. ஒவ்வொரு முறையும் ஏட்டு, "கரெக்டா கீது!" என்று தலையாட்டினார்.

ஆறு முடியும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஆறு முறை வாயைத் திறந்திருக்கலாம். அப்பா என் பின்னால் நின்றிருந்தார். அவருடைய வேட்டியின் ஓரத்தில் இருந்த சாக்பீஸ் தூளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழாவதாகப் பரங்கிமலை. "இது கம்பெனி காலத்து ஆளு" என்று அறிமுகப்படுத்திவிட்டுக் கம்பியை விட்டார். கம்பி நின்றது. நூல் வாய்க்கு ஒரு சாண் மேலே இருந்தது.

பெரியப்பா கம்பியை எடுத்துத் திரும்ப விட்டார். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை விடவில்லை. கையை மெதுவாக எடுத்துவிட்டு, யாருக்கோ என்பதுபோல, "உள்ள இன்னாவோ கீது" என்றார்.

"லோடா?" என்றார் ஏட்டு.

அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு வேகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ரைட்டர் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு மேஜைக்குக் கீழே போய்விட்டார். சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பரங்கிமலையின் வாய் லாக்கப்பைப் பார்த்து இருந்தது. உள்ளே இருந்தவன் கதற ஆரம்பித்தான்.

"ஏட்டையா! தொறந்து வுடு ஏட்டையா! ஒரு கொழாய்க்கு இன்னா, சுட்டே கொன்னுடுவீங்களா?"

பெரியப்பா ஒருவர்தான் அசையவில்லை. துப்பாக்கியை இரண்டு கையாலும் தாங்கி, வாயைக் கூரைப் பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். 

சப் இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது. "கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஆயுத பூஜைக்கு."

"அப்ப காலியா இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"அப்ப காலி, இப்ப லோடு. நடுவுல யாரு போட்டா? உங்க வீட்டுல யாருக்கு மருந்து கெடைக்குது? இது கேஸ் ஆவும் தெரியுமா பெரியவரே?"

அப்பா முன்னால் வந்தார். "சார், எங்க வீட்டுல அண்ணனைத் தவிர யாரும் அதைத் தொடவே மாட்டாங்க சார்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். அந்த மூன்றில் எதையாவது ஒன்றைச் சந்தேகிக்க வேண்டியிருந்தபோது, அவர் தன்னைச் சந்தேகித்தார்.

"யாரும் போட்டிருக்க மாட்டாங்க சார். என் தப்புதான். அன்னிக்கு வூட்டுல நெறைய ஜனம். இத மட்டும் பாக்காம வுட்டுட்டேன் போல கீது. வாங்குனப்பவே உள்ள இருந்திருக்கும்" என்றார். "நூலையும் வாங்குன அன்னிக்கே தப்பாக் கட்டியிருப்பேன்."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. "பயப்படாதடா, ஒண்ணும் ஆவாது" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். தைரியம் வராததற்கு அப்பாவின் கையைக் காரணம் காட்டிப் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறேன். அது அன்பான கை. அதன் மேல் பழி போடுவது நியாயமில்லை.

ஏட்டு பானைத் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றினார். பிறகு கொல்லைப்புறத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் பரங்கிமலையை நிறுத்தி, சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். ஆயுதப்படையிலிருந்து துப்பாக்கி வேலை தெரிந்தவர் வரும்வரை அது அங்கேதான் இருக்கவேண்டும். "மரம் ஊறிப்பூடும் சார்" என்று பெரியப்பா இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

தேர்தல் நேரம். ஆள் வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. பெரியப்பா தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்ப்பதுபோல அந்த டிரம்மைப் பார்த்துவிட்டு வந்தார். பெரியம்மா முதல் இரண்டு நாள் கிண்டல் செய்தார். மூன்றாம் நாளிலிருந்து டிபன் டப்பாவில் இட்லி கட்டிக் கொடுத்தார்.

அதற்குள் எனக்கு வேறு கார்டு வந்துவிட்டது. அப்பாவிடம் நீட்டினேன். அவர் பத்தொன்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பின்னம் உனக்கு வரல. ஞாயித்துக்கெழம ஒக்காரு, சொல்லித் தரேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். நான் அஞ்சி ஒளித்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

துப்பாக்கி வேலை தெரிந்தவர் வந்த அன்று நானும் அடம்பிடித்துப் போனேன். கார்டில் என் பெயர் இருந்தது. அது படிக்கும்படி வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. அவர் ஓய்வு பெறப்போகும் வயதுக்காரர், பெரிய மீசை, நிதானமான ஆள். நுனியில் திருகு வைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டு, தக்கை எடுப்பதுபோலத் திருகித் திருகி இழுத்தார். சாம்பல் நிறத்தில் கூழாக ஏதோ வந்து விழுந்தது. கையில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். 

"காயிதத் தோட்டா!" என்றார். "வெள்ளக்காரன் அந்தக் காலத்துல மருந்தையும் குண்டையும் காயிதத்துலதான் சுத்தி வெச்சிருப்பான். பல்லால கடிச்சிக் கிழிச்சி உள்ள போடுவான். நம்ம ஆயுசுல இப்பத்தான் பாக்குறேன்."

"குண்டைக் காணமே?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "குண்டு போட்டிருக்க மாட்டான் சார். இது சல்யூட்டுக்குப் போட்ட மருந்து. வெறும் சத்தத்துக்கு. மருந்து தண்ணில கரைஞ்சி பூட்ச்சி."

ஏட்டு குனிந்து பார்த்துவிட்டு, "இதுல செவப்பா ஒண்ணு கீதே அண்ணா?" என்றார்.

அது என் பத்தொன்பதின் அடிக்கோடு.

"அரக்கு முத்திர. கம்பெனி முத்திர" என்றார் மீசைக்காரர்.

அறிவாளி ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு அதை மறுக்க அங்கே யாரும் இல்லை. மறுத்திருக்க வேண்டிய ஒருவன் நிம்மதியில் மிதந்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரன் போட்ட மருந்துக்கு இவரை என்ன செய்வது என்று சொல்லி, ஒரு எச்சரிக்கையோடு சப் இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார். உரிமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊறியிருந்த பரங்கிமலையைத் துடைத்து மற்ற ஆறோடு சேர்த்து வைத்தார்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் ஏழும் வீட்டுக்கு வந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. பக்கத்தில் பெரியப்பா. தாம்பரம் தாண்டிய பிறகு கேட்டார்.

"நீ எப்பனா அத்த எடுத்து வெளையாடினியாடா? நெஜத்த சொல்லு. அடிக்க மாட்டேன்."

எல்லாவற்றையும் சொல்லிவிட மனம் வந்தது. சொல்லத் தொடங்கி, நடுவில் தைரியம் போய், ஒரு துண்டை மட்டும் சொன்னேன்.

"ஒரே ஒரு வாட்டி பெரியப்பா. குழல் வாயில கண்ண வெச்சி உள்ள பாத்தேன்."

அவர் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மாடம்பாக்கம் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. தொட்டதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய தப்பை மறைத்துச் சின்னத் தப்பைச் சொன்ன என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தேர்தல் முடிந்தது. மற்றவர்கள் போய்த் தங்கள் துப்பாக்கிகளை வாங்கிவந்தார்கள். பெரியப்பாவும் போனார். ஏழையும் அரசாங்கத்துக்கே ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடித்த புடவைகளோடு திரும்பி வந்தார். அதிகம் அழுதது பெரியம்மாதான்.

"ஏழையுமா குடுத்துட்டு வந்தே? உன்ன யாரு கேட்டா? நான் சும்மா வாய்க்கு வந்தத பேசிகினு இருந்தா, அத்த நெஜம்னு எடுத்துக்குவியா நீ?"

"வயசாயிடிச்சி. எண்ணெ போட முடியல" என்றார் அவர். அப்போது அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை.

அதன் பிறகும் அவர் நன்றாகத்தான் இருந்தார். இதைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். முருங்கை வைத்தார். எங்கள் ஆறு பேர் கல்யாணத்திலும் பந்தியில் நின்று பரிமாறினார். வருகிறவர்களிடமெல்லாம், கம்பெனிக்காரன் போட்ட மருந்து பரங்கிமலைக்குள் நூறு வருடம் தூங்கிய கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அரக்கு முத்திரை கொஞ்சம் பெரிதாகும். கடைசி வருடங்களில் அதில் சிங்கம்கூட இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கதையையும் அவரிடமிருந்து பறித்ததாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சமாதானம் எனக்குப் போதுமானதாக இருந்தது. எண்பதை எட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் பெரியம்மா தானாகவே சொன்னார்.

"அந்தத் துப்பாக்கிங்கள குடுக்குறதுக்கு முன்ன பத்து நாளு மனுஷன் தூங்கலடா. புள்ளிங்க தலமாட்டுல லோடு துப்பாக்கி தொங்கிகினு இருந்திச்சே, ஒருத்தன் அதுல கண்ண வேற வெச்சிருக்கானே, இது கூடத் தெரியாத நானெல்லாம் துப்பாக்கி வெச்சிக்கலாமான்னு அதையே சொல்லிகினு இருந்தாரு. உன்கிட்ட சொல்லாதேன்னுட்டாரு. நீ பயந்துடுவியாம்."

அப்போதும் நான் பெரியம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் வந்த அந்த நாளுக்கு மறுநாள் என்று நினைக்கிறேன். கோடை விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் ஆறு பேரும் கூடத்தில் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தோம். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தேன். பெரியப்பா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். அதில் வெறும் ஆணிகள்தான் இருந்தன. துப்பாக்கிகள் ஏழும் ஐந்து மைல் தள்ளிக் காவல் நிலையத்தில் பூட்டிக் கிடந்தன. அவர் குனிந்து, முதலில் என் அக்காவின் பாயை இரண்டு கையாலும் பிடித்து, எழுந்துவிடாதபடி மெதுவாகச் சுவரிலிருந்து இழுத்தார். பிறகு தம்பியின் பாயை. அவருக்கு மூச்சு வாங்கியது. என் முறை வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தரையில் பாய் உரசுகிற சத்தத்தோடு நான் நகர்ந்தேன். ஆறு பாய்களையும் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

துப்பாக்கிகள் திரும்பி வரப்போகின்றன, அவற்றை மாட்டுவதற்கு இடம் ஒழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.